கெம்பம்மாவின் வாயில் இருந்த பெயர்

கடமாப்பள்ளத்தில் பிறந்த எவருக்கும் புலி என்ற சொல் ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான். முதன்முதலாக அது வாயிலிருந்து விழுந்ததும் புலி வரும், எந்த மூலையில் படுத்திருந்தாலும் எழுந்து வரும், வந்து கூப்பிட்டவர் முகத்தை ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் பார்த்துக்கொண்டு நிற்கும், யாரையும் ஒன்றும் செய்யாது, திரும்பிக் காட்டுக்குள் போய்விடும். அதற்கப்புறம் அந்த வாய் எத்தனை தடவை சொன்னாலும் அது வெறும் சத்தம்தான், காக்காய்கூட எட்டிப் பார்க்காது. மலைக்குக் கீழே பிறந்தவர்கள் சொன்னாலும் ஒன்றும் வராது, ஆகவே நான் எழுதுவதிலும் நீங்கள் வாய்விட்டு வாசிப்பதிலும் ஆபத்தில்லை. நம்பக் கஷ்டமாக இருந்தால் இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். நம்புங்கள் என்று கடமாப்பள்ளத்தார் யாரும் உங்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொன்னதில்லை. மழை பெய்வதும் ராகி முளைப்பதும் மாதிரி அதுவும் ஒரு நடப்பு, அவ்வளவுதான். பேச்சில் அதைப் பெரியவர் என்றார்கள், அவரவர் சொல்லை அவரவர் நாக்குக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள், யானைக் கூட்டம் ராகிக் கொல்லையில் இறங்கியபோது ஒருவர் அதை எடுத்து வீசி ஊருக்கே சோறு மிச்சம் பண்ணினார், புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் ஒருத்தி வாய் தவறி விட்டுவிட்டு, வாசலில் வந்து நின்ற பெரியவரைப் பார்த்துச் சண்டையை மறந்து, போன சொல்லுக்காக ஒப்பாரி வைத்தாள். பெரும்பாலானவர்கள் கடைசி மூச்சு வரைக்கும் வைத்திருந்து, கடைசி மூச்சோடு சொல்லிவிட்டுப் போனார்கள். பெரியவர் சுடுகாட்டு வழியில் வந்து நின்று வழியனுப்பிவிட்டுப் போவார். கூப்பிடாமல் வருகிற பெரியவர் கதை வேறு. அவருக்கு ஆடும் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான்.

கெம்பம்மாவின் மகள் செவந்தி ஒன்றாம் வகுப்பில் இருந்த வருஷம் கீழேயிருந்து புதிதாக வந்த வாத்தியார் ஒருவர், யாரும் எச்சரிக்காததால், கரும்பலகையில் பு என்று எழுதி, பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பிப் பு, புலி என்று சொல்ல வைத்தார். முதல் பிள்ளை சொன்னதும் சுவரோரம் பெரியவர் வந்து நின்றார், வாத்தியார் மேசைமேல் ஏறிவிட்டார், ஆனால் பிள்ளைகளுக்கு வரிசை என்றால் வரிசைதான், அடுத்தவன் எழுந்தான், அடுத்தவள் எழுந்தாள், பாதி வழி திரும்பிப் போன பெரியவர் மறுபடி வந்தார், மறுபடி போனார், மறுபடி வந்தார், கடைசிப் பெஞ்சுக்கு முறை வந்தபோது அவருக்கு நாக்கு வெளியே தொங்கியது. சாயங்காலம் தாய்மார்கள் பள்ளிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து, இருந்த ஒரே சொல்லையும் பிள்ளைகள் படிப்புக்குச் செலவழித்துவிட்டார்களே என்று மூக்கைச் சிந்தினார்கள். வாத்தியார் மாறுதல் வாங்கிக்கொண்டு மலையிறங்கிவிட்டார். அடுத்து வந்தவர் பாடப் புத்தகத்தில் அந்த எழுத்து இருந்த பக்கத்தின்மேல் ஒரு புறாப் படத்தை ஒட்டினார், இன்றைக்கும் அந்தப் பள்ளிக்கூடத்தில் மட்டும் பு என்றால் புறா.

அப்புறம் காட்டைச் சரணாலயம் என்றார்கள், தார் ரோடு வந்தது, ரிசார்ட் வந்தது, ஜீப் வந்தது, ஜீப்பில் ஏறிப் புலி பார்க்க வேண்டும் என்று கீழேயிருந்து ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்கள் மானைப் பார்த்தார்கள், மயிலைப் பார்த்தார்கள், குரங்கிடம் பிஸ்கட்டைப் பறிகொடுத்தார்கள், புலியைப் பார்க்காமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்கள். ஜீப் ஓட்டுகிற ஒண்டியப்பனுக்குத்தான் முதலில் யோசனை தோன்றியது. தன் மாமியாரை ஒருநாள் முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போனான், மாமியார் குட்டையோரத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், பெரியவர் வந்து நின்றார், பின்சீட்டில் இருந்த குடும்பம் அழுதேவிட்டது. அதிலிருந்து சூடு பிடித்தது. சொல் மிச்சம் இருந்தவர்களுக்கெல்லாம் ஊரில் ராஜமரியாதை நடந்தது, ஒருவர் தகரக் கூரைக்காகச் சொன்னார், ஒருத்தி மகள் காலேஜுக்காகச் சொன்னாள், இளவட்டங்கள் செல்போனுக்காகச் சொன்னார்கள், புதிதாகப் பிறந்த பிள்ளைகளோ டிவியில் கோடு போட்ட பொம்மையைப் பார்த்து மழலையில் உளறிவிட, பெரியவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். கொஞ்ச வருஷத்தில் ஊரே காலி. சாவு வீட்டில் பாடையைத் தூக்கும்போது ஜனங்கள் பழக்கதோஷத்தில் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள், யாரும் வர மாட்டார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடப்பார்கள்.

கெம்பம்மா ஒருத்திதான் மிச்சம்.

அவள் சொல்லாததற்கு ஊருக்குப் பொதுவான காரணம் ஒன்று, சொந்தக் காரணம் ஒன்று. அவள் புருஷன் பெயர் புலியப்பன். கோபிப் பக்கம், குலசாமி பெயரை வைத்த பிள்ளை, கோடைக்குக் காட்டில் தீ பார்க்கிற வேலைக்காக மலையேறி வந்தவன், கெம்பம்மாவைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்க மனசில்லாமல் வீட்டோடு மாப்பிள்ளையாகத் தங்கிவிட்டவன். பெயரைக் கேட்டதும் ஊர் நடுங்கிவிட்டது. கீழூர் மாப்பிள்ளை என்று ஒரு பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று வாசற்படியில் பெண்ணை மறித்து நின்று, மாப்பிள்ளை பேரைச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று வம்பு பண்ணுவது அந்தப் பக்கத்து வழக்கம். கெம்பம்மாவை ஒருத்தியும் மறிக்கவில்லை, சும்மா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்த ஒரு குமரியின் முதுகில் அவள் அத்தைக்காரி ஒன்று வைத்தாள்.

ஆக ஊருக்கு ஒரு காரணத்தாலும், பெண்டாட்டிக்கு இன்னொரு காரணத்தாலும், அந்தப் பெயர் கெம்பம்மாவின் வாயில் இரண்டு பூட்டுப் போட்டுக் கிடந்தது. கடையில் புளி என்றுகூட அவள் கேட்டதில்லை, ரசக்காய் என்றுதான் கேட்பாள், கடைக்காரரும் முகம் மாறாமல் நிறுத்துக் கொடுப்பார். புலியப்பனுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. டீக்கடையில் போய் நின்று, "நான் புலியப்பன் வந்திருக்கனுங்க, ஒரு டீ போடுங்க" என்பான், பாதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் குனிவார்கள். வீட்டில் அவள் காதருகே வந்து, "ஒருக்காச் சொல்லு புள்ள. நாலு காலுல அவரு வர்றாரா ரெண்டு காலுல நான் வர்றனான்னு பாத்தர்லாம்" என்பான். அவள் பயந்துபோய் உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்துவாள், அவன் அந்தக் கைக்குள்ளேயே சிரிப்பான்.

செவந்தி தவழ்ந்துகொண்டிருந்த பங்குனியில் சாம்பமேட்டை ஒட்டித் தீப்பிடித்தது. காட்டுத்தீ தாண்டாமலிருக்க மரம் மட்டையெல்லாம் வெட்டி வெறுமையாக விட்ட ஒரு நீளமான பட்டைதான் சாம்பமேடு. எல்லோரும் பச்சைத் தழையை ஒடித்து அடித்து அடித்துத் தீயை அணைத்துவிட்டு இறங்கினார்கள். புலியப்பன் மட்டும் திரும்பிப் பார்த்து, "அந்தப் பொதரு ஒண்ணுதான் பொகையுது, அடிச்சுட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவில்லை. ஊர் முழுக்கத் தேடியது, ஒரு செருப்பு கிடைக்கவில்லை, ஒரு துண்டுத் துணி கிடைக்கவில்லை. பெரியவர்தான் என்று ஊர் முடிவு கட்டியது. தாலியைக் கழற்ற வந்த பெண்களிடம் கெம்பம்மா, "எலும்பக் காட்டுங்க, எடுத்து வெச்சர்றேன்" என்றாள். காட்ட யாரிடமும் இல்லை.

"அவரு பேரு இன்னும் என் வாயிலதான் இருக்குதுங்க. அது இருக்கற மட்டும் அவரும் இருக்காரு."

இதுதான் அவள் கணக்கு. ஊருக்கு அந்தச் சொல் மிருகம். தனக்கு அது புருஷன். ஊரார் சொன்னால் பெரியவர் வருகிற மாதிரி, தான் சொன்னால் அவன் வருவான் என்று உறுதியாக நம்பினாள். நம்பியவள் ஏன் அன்றைக்கே காட்டு விளிம்பில் போய் நின்று கூப்பிடவில்லை என்று கேட்டால், அங்கேதான் அவள் பயம் இருந்தது. கூப்பிட்டு நாலு காலில் வந்துவிட்டால்? இருக்கிற ஒரே சொல்லும் போய், அவனும் போய், இல்லை என்பது அடித்துச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. சொல்லாத வரைக்கும் அவன் சாகவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே அவள் தலை நரைத்துவிட்டது, முன்பல் இரண்டு விழுந்துவிட்டது, கண்ணுக்குக் கீழே பைகள் தொங்கின.

இதில் யார் தலை உருண்டதென்றால் செவந்தியின் தலைதான். காது குத்த வேண்டும் என்றால் அப்பா வரட்டும், பள்ளிக்கூடத்தில் மைசூர் கூட்டிப்போகிறார்கள் என்றால் அப்பா வரட்டும், பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு என்ன சொல்கிறீர்கள் என்றால் அப்பா வரட்டும். இரண்டு சம்பந்தம் அப்படியே எழுந்து போனது. இரண்டாவதாக வந்தவனைச் செவந்திக்குப் பிடித்திருந்தது.

அவள் ரிசார்ட்டில் சஃபாரிக்கு ஆள் சேர்த்து, ஜீப் ஏற்பாடு செய்து, யார் எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போடுகிற வேலையில் இருந்தாள். சென்னையிலிருந்து ஒரு சாரும் மேடமும் வந்து தங்கினார்கள், சார் வடக்கே எத்தனையோ காடு சுற்றியும் ஒரு புலி வாலைக்கூடப் பார்க்காத துர்ப்பாக்கியசாலி, கை நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார். மேனேஜர் கையைப் பிசைந்தார். செவந்தி அம்மாவைக் கேட்காமலே சொன்னாள், "எங்கம்மா வருவாங்க சார். நாளான்னிக்குக் காலைல."

வீட்டுக்கு வந்து சொன்னதும் கெம்பம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

"உனக்கென்ன கிறுக்கா அம்முணி? ஊரான் போட்டோ புடிக்கறதுக்கு உங்கப்பனக் கேக்கறியா?"

"அப்பனயில்ல. உன்னையத்தாங் கேக்கறேன்."

"அவரு வரட்டும், அப்பறம்..."

"வரட்டும் வரட்டும்னுதான நானும் இத்தன வருசமாக் கேட்டுட்டு இருக்கறேன். பத்து வார்த்த பேசுனா எட்டு வார்த்த அவருகிட்டப் பேசற, மிச்சம் ரெண்டுதான் எனக்கு. வாயத் தொறந்தா அது உளுந்துருமோன்னு பயந்து பயந்து எனக்கு ஒரு தாலாட்டுக்கூடப் பாடலியாமே நீயி. சொல்லி முடிச்சுரும்மா. யாரு வந்தாலுஞ் செரி. சொல்லிட்டீன்னா எனக்கு அம்மான்னு ஒருத்தி கெடைப்பா."

விடிந்ததும் கெம்பம்மா சாணி தெளித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"சாம்பமேட்டுக்குத்தான் வண்டி போவோணும். வேற எடத்துல வாயத் தொறக்க மாட்டேன்."

செய்தி ஊருக்குள் போனதும் வேலை வெட்டி நின்றுபோனது. டீக்கடையில் இரண்டு கட்சி பிரிந்தது. சொல் என்றால் சொல்தான், யார் சொன்னாலும் பெரியவர்தான் வருவார் என்றது ஒரு கட்சி. அதெப்படி, பெண்டாட்டி வாயில் அது ஆள் பெயரல்லவா, கீழூர் மாப்பிள்ளைதான் வருவான் என்றது இன்னொரு கட்சி. பாதி ஆளும் பாதி மிருகமுமாக வந்தால் ஊருக்குள் விடுவதா வேண்டாமா என்று கேட்ட ஒருவரை இரண்டு கட்சியும் சேர்ந்து விரட்டியது. வந்தால் மூன்று வேளையும் சோறு போட வேண்டுமே என்று ஒருத்தி ஒரு படி ராகி கொண்டுவந்து கொடுத்தாள், ஒருத்தி புதுத் துண்டு ஒன்று கொடுத்தாள், ஒண்டியப்பன் மாமியார் கோழி ஒன்றைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து போட்டார். யார் வந்தாலும் கோழிக்குச் சாவுதான் என்று ஒண்டியப்பன் சொன்னான், கெம்பம்மா நெடுநாளைக்கப்புறம் சிரித்தாள்.

ஒண்டியப்பன் சஃபாரிச் சட்டமெல்லாம் சொல்லிக்கொடுத்தான். ஜீப்பை விட்டு இறங்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. பளீரென்ற நிறம் கூடாது, பச்சையோ மண் நிறமோதான் கட்ட வேண்டும். பூ, பவுடர், வாசனை எதுவும் ஆகாது. கெம்பம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது, மடியிலிருந்து ஒரு தலைச்சாயப் பொட்டலத்தை எடுத்து, "இதுங் கூடாதா ஒண்டி?" என்று கேட்டாள். எப்போது வாங்கினாள் என்று செவந்திக்கே தெரியாது.

"அது நாத்தம் அரை மைலுக்கு அடிக்குமுங்கக்கா. வேண்டாம்."

பொட்டலத்தைத் திரும்ப மடியில் சொருகிக்கொண்டாள். செவந்தியிடம் இருந்ததெல்லாம் கண்ணைப் பறிக்கிற நிறங்கள், ஆகவே கெம்பம்மா பெட்டியைத் திறந்து, புலியப்பன் கோபிச் சந்தையில் வாங்கிக் கொடுத்த இலைப்பச்சைச் சேலையை எடுத்து மகளுக்குத் தானே கட்டிவிட்டாள், கொசுவத்தைச் சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். தான் ஒரு மண் நிறச் சேலையைக் கட்டிக்கொண்டாள். இருட்டுப் பிரிகிற நேரத்தில் ஒண்டியப்பன் ஹாரன் அடிக்காமல் வாசலில் வந்து நின்றான். ஊரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு வழிநெடுக நின்றது, ஒண்டியப்பன் மாமியார் மட்டும் ஜீப்பின் பக்கத்தில் வந்து கெம்பம்மாவின் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார்.

கெம்பம்மா முன்சீட்டில், செவந்தியும் சாரும் மேடமும் பின்சீட்டில். மான்கள் நின்றிருந்தன, சார் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. குட்டையைத் தாண்டி, மூங்கில் கூட்டத்தைத் தாண்டி, சாம்பமேட்டின் முனையில் ஒண்டியப்பன் எஞ்சினை நிறுத்தினான். பனி இன்னும் உண்ணிப் புதர்களின்மேல் கிடந்தது. சார் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டார். செவந்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், கெம்பம்மா ஒரு மடக்குக் குடித்தாள், இன்னொரு மடக்குக் குடித்தாள். அவன் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னால் அவன் வருவான் என்று நினைத்திருந்தாள், ஆனால் முகம் முழுசாக வரவில்லை, பல்வரிசை வந்தது, கழுத்தடி வேர்வையின் வாசனை வந்தது, உள்ளங்கைக்குள் சிரித்த அந்தச் சிரிப்பு வந்தது, கண் மட்டும் வரவில்லை, எவ்வளவு நேரம்தான் காத்திருப்பது, இனி அதுவும் மறந்துவிடும் என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

"புலியப்பா" என்றாள்.

பெண்டாட்டி புருஷனைக் கூப்பிட்ட மாதிரி அது இல்லை. விளையாடப் போன பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலாக இருந்தது.

முதலில் மரத்தின்மேல் மந்தி கத்தியது, அப்புறம் எங்கேயோ கடமான் கத்தியது, பெரியவர் வரும்போது அவை எப்படிக் கத்துமோ அப்படித்தான் கத்தின. "வந்துருச்சு, வந்துருச்சு" என்று சார் மூச்சுக்குள் சொன்னார். ஒண்டியப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். உண்ணிப் புதர் விலகியது.

காக்கிச் சட்டையோடு, முழங்கால் வரைக்கும் சாம்பலோடு, கையில் பாதி கருகிய பச்சைத் தழையோடு புலியப்பன் வந்து நின்றான். போன அன்றைக்கு எந்த வயதோ அதே வயது. நெற்றி வேர்வைகூடக் காயவில்லை.

கூப்பிட்டவர் முகத்தைத்தான் முதலில் பார்ப்பது வழக்கம், அவனும் பார்த்தான். நரைத்த தலையும் விழுந்த பல்லுமாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவைப் பார்த்து, கையிலிருந்த தழையை மார்போடு அணைத்து, தலையைத் தாழ்த்தினான்.

"கும்புடறனுங்கம்மா" என்றான்.

அப்புறம் அவன் கண் பின்சீட்டுக்குப் போனது, இலைப்பச்சைச் சேலைக்குப் போனது, முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணமான புதிதில் கெம்பம்மா எப்படி இருந்தாளோ அப்படியே உட்கார்ந்திருந்தாள் செவந்தி.

"ஏம்புள்ள கெம்பி, நீ எங்க இங்க வந்த? கொழந்தைய யாருகிட்ட உட்டுட்டு வந்த?"

அப்பன் என்று ஒருவன் வந்தால் கேட்க வேண்டியதையெல்லாம் செவந்தி சின்ன வயதிலிருந்து சேர்த்து வைத்திருந்தாள், ஏன் போனாய், ஒரு புதர் பெரிதா நான் பெரிதா என்று கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். முன்சீட்டைப் பார்த்தாள். அம்மா திரும்பவில்லை, அவள் பின்கழுத்து மட்டும் தெரிந்தது, அது ஆடாமல் இருந்தது.

"அம்மா பாத்துக்கறாங்க" என்றாள் செவந்தி.

"அப்பச் செரி. காத்து மாறுது, நீ சுருக்கா ஊட்டுக்குப் போ. அந்தப் பொதரு ஒண்ணுதான் பொகையுது, அடிச்சுட்டு வந்தர்றேன்."

நான்தான் கெம்பி என்று சொல்ல கெம்பம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. ஒரு காலைக்கூட ஜீப்புக்கு வெளியே வைத்துவிட்டாள், ஒண்டியப்பன் தடுக்கவில்லை. ஆனால் சொன்னால் அவன் நின்று இந்த நரையைப் பார்ப்பான், இந்தப் பல்லைப் பார்ப்பான், எவ்வளவு காலம் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிந்துவிடும், வீட்டில் குழந்தை தவழ்கிறது என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தீயை அடிக்கிறவனுக்கு அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் அவ்வளவுதான். அவன் திரும்பிப் புதருக்குள் போனான், கிளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டன, மந்தி கத்துவதை நிறுத்தியது.

"ஃபாரஸ்ட் வாட்சரோட என்னம்மா பேச்சு?" என்றார் சார், லென்ஸை இறக்கி வைத்துக்கொண்டே. "அந்தச் சத்தத்துலதான் புலி போயிருக்கும்." மேடம் அவர் தொடையைக் கிள்ளினார். மேடம் செவந்தியின் முகத்தையும் கெம்பம்மாவின் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன புரிந்ததோ, தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துச் செவந்தியின் கையில் வைத்தார்.

திரும்பி வரும் வழியில் கெம்பம்மா மெதுவாக இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், புலியப்பா என்று. மூங்கிலுக்கு அடியில் மேய்ந்துகொண்டிருந்த மான்கள் தலையைத் தூக்கவில்லை. கொஞ்சம் பலமாகச் சொன்னாள், புலியப்பா, குட்டையருகே வந்தபோது இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு சொன்னாள், புலியப்பா, புலியப்பா, இத்தனை வருஷம் சொல்லாததையெல்லாம் ஒரே வழியில் சொல்லித் தீர்த்தாள், சார் ஏதோ சொல்ல வாயெடுத்தார், ஒண்டியப்பன் கண்ணாடியில் அவரை ஒரு பார்வை பார்த்தான். வெயில் ஏறிவிட்டது.

ஊர் இன்னும் கலையாமல் ரோட்டோரம் நின்றிருந்தது. புது ஆள் யாரும் ஜீப்பில் இல்லை என்று தெரிந்ததும் ஒரு கட்சி தலையைக் குனிந்துகொண்டது, இன்னொரு கட்சி ஜெயித்தும் சந்தோஷப்படவில்லை. ஒண்டியப்பன் மாமியார்தான் முன்னால் வந்து கெம்பம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார்.

"யாரு வந்தாங்க கண்ணு? பெரியவருதானா?"

"இல்லீங்க. எங்கூட்டுக்காரருதான் வந்தாரு."

ஊர் ஜீப்பை நெருங்கியது.

"வந்து?"

"அவரு பொண்டாட்டியப் பாத்தாரு. ரெண்டு வார்த்த பேசிட்டுப் போனாரு."

"அட சாமி. நீ என்ன பண்ணுன?"

கெம்பம்மா திரும்பிப் பார்த்தாள். இலைப்பச்சைச் சேலையின் கொசுவத்தைக் கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு செவந்தி ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நானா? நான் கொழந்தையப் பாத்துக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தத் தார் ரோட்டிலேயே கால் நீட்டி உட்கார்ந்து, தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட மகளைக் கையைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள்.